கதை இன்னும் முடியவில்லை, மூடிவைக்காதீர்கள்

‘நெவர்எண்டிங் ஸ்டோரி’ படத்தைப் பார்த்த உங்கள் மகள், நாவலைப் பாதிவரை படித்ததும் கதை முடிந்துவிட்டதென்று மூடிவைத்துவிட்டாள் என்கிறீர்கள். உண்மையில் 1984இல் வந்த அந்தப் படம், மிஹாயேல் எண்டே 1979இல் வெளியிட்ட நாவலின் ஏறத்தாழ முற்பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டது. எனக்குப் பிடித்தது பிற்பாதிதான். அதில் கதையின் நாயகனான சிறுவன் பாஸ்டியன் விரும்பியதெல்லாம் நடக்கிறது. பதிலுக்கு அவனுடைய நினைவுகள் ஒவ்வொன்றாகப் பறிபோகின்றன. ஆணவம் தலைக்கேறி, உயிர் நண்பன் அட்ரேயுவையே வாளால் காயப்படுத்துகிறான். படத்தின் கடைசியில் டிராகன்மேல் ஏறி வம்புக்காரப் பையன்களை விரட்டுகிறானே, அது நாவலில் கிடையவே கிடையாது! எண்டே படக்குழுமீது வழக்குத் தொடுத்துத் தோற்றார். அவர் கோபம் நியாயமானதுதான். 13ஆம் அத்தியாயத்திலிருந்து நீங்களும் சேர்ந்து படியுங்கள். பிற்பாதி கொஞ்சம் இருண்டது.