பூட்டில்லாத மின்னூல்: காத்திருக்கலாமா?

கேள்வி: ஒரே கடையில் நூற்றுக்கும் மேற்பட்ட மின்னூல்கள் வாங்கியிருக்கிறேன். வேறு நிறுவனத்தின் வாசிப்புக் கருவிக்கு மாற ஆசை. இனி மின்னூல்கள் காப்புப் பூட்டு (நகலெடுக்கவும் வேறு கருவியில் படிக்கவும் விடாத டிஆர்எம் தடை) இல்லாமலே விற்கப்படும் என்கிறார்களே, பொறுத்திருந்தால் பழைய புத்தகங்களும் திறந்துகொள்ளுமா?

பதில்: அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். பூட்டு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் பதிப்பாளர்தான் முடிவு செய்கிறார். அதனால் ஒரே நாளில் எல்லாம் மாறிவிடாது.

பாட்டுகளில் மாறியது உண்மைதான். 2009-இல் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் கடையில் விற்ற பாட்டுகளின் பூட்டை எடுத்தது. ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அது சும்மா கிடைக்கவில்லை; பாட்டு ஒன்றுக்கு 30 சென்ட் கேட்டார்கள். புத்தகத்தில் மேக்மிலன் குழுமத்தின் டோர் பதிப்பகம் 2012-இல் துணிந்து பூட்டை எடுத்தது. ஒரு வருடம் கழித்து, திருட்டுப் பிரதிகள் கூடியதாகத் தெரியவில்லை என்று அவர்களே சொன்னார்கள். இதில் வியக்க என்ன இருக்கிறது? திருடுகிறவர் அந்தப் பூட்டை எப்போதோ தாண்டிவிட்டார். மாட்டிக்கொண்டவர் காசு கொடுத்து வாங்கிய நீங்கள்தான். வாசகர் ஒரே கடையில் சிக்கிக்கொண்டால் பதிப்பாளரின் பேரமும் அங்கே எடுபடாது. இத்தனைக்கும் பெரிய பதிப்பகங்கள் பலவும் இன்னும் அசையவில்லை.

சரி, கையில் இருப்பதைப் பார்ப்போம். கோபோ, கூகுள் பிளே போன்ற இடங்களில் வாங்கியிருந்தால் ஒரு புத்தகத்தைக் கணினியில் இறக்கிப் பாருங்கள். கோப்பின் பெயர் இபப் (.epub) என்று முடிந்தால் பூட்டில்லை; உடனே ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஏசிஎஸ்எம் (.acsm) என்று முடிந்தால், வந்திருப்பது புத்தகமே இல்லை, அதை இறக்குவதற்கான சில கேபி அளவுள்ள அனுமதிச் சீட்டு. அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற மென்பொருளில் திறந்தால்தான் புத்தகம் இறங்கும், அதுவும் பூட்டோடு. அடோபி பூட்டை ஏற்கும் கருவிகளில் அதைப் படிக்கலாம். அமேசானின் கிண்டில் கருவி ஏற்காது. கிண்டிலில் வாங்கிய பூட்டுள்ள புத்தகமும் கிண்டில் செயலி இல்லாத மற்றக் கருவிகளுக்குப் போகாது. (பூட்டை உடைப்பது பல நாடுகளில் குற்றம் என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.)

நகலில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்கள் அப்படியே மறைந்தன. பணம் திரும்பி வந்தது, புத்தகம் வரவில்லை.

கருவியை மாற்றியே ஆக வேண்டுமென்றால், செயலிகளை நிறுவ விடும் ஆண்ட்ராய்டு வாசிப்புக் கருவியைப் பாருங்கள். பழைய கடையின் செயலியையும் புதிய கடையின் செயலியையும் அதிலேயே ஏற்றிக்கொள்ளலாம்.