நண்பர்களோடு சேர்ந்து மராத்தான் ஓடினால், எனக்கென வைத்திருக்கும் நேர இலக்கை எட்ட முடியுமா?

நீங்களும் நண்பர்கள் இருவரும் ஒரே மராத்தானுக்குப் பதிவு செய்திருப்பதாகவும், 4 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு மட்டும் உள்ளூர இருப்பதாகவும், அதை அவர்களிடம் சொன்னால் தன்னலமாகத் தெரியுமோ என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எட்ட முடியும் என்பதே என் பதில். ஆனால் 42.195 கிலோமீட்டரையும் தோளோடு தோள் சேர்ந்து ஓடி அதை எட்டுவது மிக அரிது. எதுவரை சேர்ந்து ஓடுவது, எங்கே பிரிவது என்பதைப் பந்தயத்துக்கு முன்பே வாய்விட்டுப் பேசி முடிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டதால் என் முதல் மராத்தானில் இலக்கைத் தவறவிட்டேன்; பேசிவிட்டு ஓடியதால் இரண்டாவதில் எட்டினேன். இரண்டையும் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் முறை நாங்களும் மூவர்தாம். பல மாதங்கள் விடியற்காலையில் ஒன்றாகவே ஓடிப் பழகியிருந்ததால், பந்தயத்தையும் ஒன்றாகவே ஓடுவோம் என்பது யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது. இலக்கு என்னவென்று கேட்டவர்களிடமெல்லாம் மூவரும் "நாலு மணி நேரம்" என்றே சொல்லி வந்தோம். அந்த ஒரே எண் எங்கள் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பொருள் தந்தது என்பதை அப்போது நான் உணரவில்லை. அதற்கு ஏழு வாரம் முன்பு நாங்கள் ஓடிய அரை மராத்தானில் ஒருவர் 1 மணி 46 நிமிடத்திலும், நான் 1 மணி 53 நிமிடத்திலும், மற்றவர் சரியாக 2 மணி நேரத்திலும் முடித்திருந்தோம். ஒரு தூரத்தில் எடுத்த நேரத்தைக் கொண்டு இன்னொரு தூரத்தின் நேரத்தை மதிப்பிட ஓட்டக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ரீகல் சூத்திரம் ஒன்று உண்டு. அதன்படி தூரம் இரட்டிப்பாகும்போது நேரம் ஏறத்தாழ 2.085 மடங்காகும். அவ்வாறு கணக்கிட்டால் முதலாமவருக்கு 3 மணி 41 நிமிடமும், எனக்கு 3 மணி 56 நிமிடமும், மூன்றாமவருக்கு 4 மணி 10 நிமிடமும் வருகின்றன. பயிற்சித் தூரம் குறைவாக உள்ளவர்கள் இந்த மதிப்பீட்டைவிடவும் தாமதமாகவே முடிப்பது வழக்கம். அதாவது 4 மணி நேரம் என்பது ஒருவருக்கு மிக எளிது, எனக்கு முழு முயற்சி, மூன்றாமவருக்கு அன்றைய நிலையில் எட்டாத ஒன்று. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. நாங்கள் போடவில்லை.

நடந்தது என்னவென்றால், எங்களுள் வேகமானவர் தம்மை அறியாமலே அரை அடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தார், மற்ற இருவரும் அந்த அரை அடியை ஈடுகட்டிக்கொண்டே இருந்தோம். 4 மணி நேரத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி போதும். நாங்களோ முதல் 5 கிலோமீட்டரை 5 நிமிடம் 20 நொடி வீதம் ஓடிவிட்டோம். பேச்சும் சிரிப்புமாக ஓடியதால் அது வேகமாகவே தோன்றவில்லை. பாதித் தூரத்தை 1 மணி 57 நிமிடம் 30 நொடியில் கடந்தபோது, கையில் இரண்டரை நிமிடம் மிச்சம் இருப்பதாக மகிழ்ந்தோம். 24-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு மூன்றாமவர் தளரத் தொடங்கினார். ஒவ்வொரு நீர் நிலையத்திலும் நின்று அவருக்காகக் காத்திருந்தோம். அவர் வந்து சேர்ந்ததும் இழந்ததைப் பிடிக்கும் எண்ணத்தில் மீண்டும் வேகமாகப் புறப்பட்டோம். ஆகவே முன்பாதியில் ஒருவருடைய வேகத்தையும் பின்பாதியில் இன்னொருவருடைய ஓய்வையும் நான் ஏற்றுக்கொண்டேனே தவிர, எந்த இடத்திலும் என் ஓட்டத்தை நான் ஓடவில்லை. 4 மணி 9 நிமிடத்தில் மூவரும் கை கோத்தபடி முடிவுக் கோட்டைக் கடந்தோம். படத்தில் அது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று எங்களுள் ஒருவர் சலிப்போடும், ஒருவர் குற்ற உணர்வோடும், நான் சொல்ல முடியாத வருத்தத்தோடும் வீடு திரும்பினோம். அதன் பிறகு இரண்டு வாரம் சேர்ந்து ஓடவே இல்லை.

இதில் உடலின் கணக்கும் இருக்கிறது. ஓடுவதற்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், கிலோமீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகும். 65 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மராத்தான் முழுவதற்கும் 2,700-க்குச் சற்று மேல் தேவைப்படும். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்னும் சேமிப்பு மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கிலோகலோரிக்குத்தான் ஈடாகும். மீதியைக் கொழுப்பும், வழியில் எடுத்துக்கொள்ளும் ஜெல் போன்றவையும் ஈடுகட்ட வேண்டும். வேகம் கூடக் கூட உடல் கொழுப்பைக் குறைவாகவும் கிளைகோஜனை மிகுதியாகவும் எரிக்கிறது. எனவே தொடக்கத்தில் நண்பருக்காக வேகம் கூட்டி மிச்சம் பிடித்த 20 நொடி, 30-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு 20 நொடியாகத் திரும்பி வருவதில்லை. கிலோமீட்டருக்கு ஒரு நிமிடத்துக்கும் மேலான இழப்பாகக்கூட வளர்ந்து வரலாம். நண்பருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டால் நேரம் மட்டும்தான் போகும், அதைக் கூட்டிக்கொண்டாலோ நேரத்தோடு கடைசிப் பத்துக் கிலோமீட்டரும் போய்விடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டிய நிலை வந்தால், மெதுவானவருடன் புறப்படுங்கள்.

சேர்ந்து ஓடுவதால் நன்மையே இல்லையா என்றால், நிச்சயமாக உண்டு. 2003-ஆம் ஆண்டு பெர்லின் மராத்தானில் கென்ய வீரர் பால் டெர்காட் 2 மணி 4 நிமிடம் 55 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அவருக்கு ஒரே ஒரு நொடி பின்னால் முடித்தவர் சாமி கோரிர். வேகம் வகுத்துக் கொடுக்கும் பேசராக அமர்த்தப்பட்டிருந்தவரே அவர். 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் இன்னொரு கென்ய வீரர் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் அந்தத் தூரத்தை முடித்தபோது, 41 பேசர்கள் குழு குழுவாக மாறி மாறி அவரைச் சூழ்ந்து ஓடினார்கள். ஆயினும் அவர்களுக்குக் கிடைத்த காற்றுத் தடுப்பு நமக்கும் அதே அளவில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஒருவர் பின்னால் மறைந்து ஓடும்போது ஆற்றல் எவ்வளவு மிச்சமாகிறது என்பதை 1971-இல் வெளியான ஆய்வில் உடலியல் ஆய்வாளர் கிரிஃபித் பியூ அளந்து காட்டினார். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 6 விழுக்காடு. 4 மணி நேர மராத்தானின் வேகம் நொடிக்கு 3 மீட்டர்கூட இல்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் மாறுவதால், பாதி வேகத்தில் அந்த எதிர்ப்பு நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. எதிர்க்காற்று பலமாக வீசும் நாளில் ஒருவர் பின் ஒருவராகச் சென்று முறை மாற்றிக்கொள்வது உதவும். மற்ற நாள்களில் நண்பர் தரும் உதவி வேறு வகையானது: வேகத்தைக் கவனிக்கும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதும், 25-ஆவது கிலோமீட்டரைச் சுற்றிச் சூழும் வெறுமையைப் பக்கத்தில் கேட்கும் காலடிச் சத்தத்தால் போக்குவதும்தான். என் அனுபவத்தில் அது சிறிய உதவி அன்று.

வியன்னா ஓட்டம் உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை என்பதையும் இங்கே நினைவுபடுத்துகிறேன். அது அனைவருக்கும் திறந்த போட்டியாக நடக்கவில்லை; பேசர்கள் இடையில் நுழைந்து மாறிக்கொண்டார்கள். இது நமக்கும் பொருந்தும். பதிவு செய்யாத நண்பர் 30-ஆவது கிலோமீட்டரில் உள்ளே வந்து உங்களோடு ஓடினால், அது வெளியார் உதவியாகக் கொள்ளப்பட்டு உங்கள் முடிவே செல்லாததாகலாம். அன்பினால் அப்படி ஒருவர் முன்வந்தால், தடத்துக்கு வெளியே நின்று குரல் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. மராத்தான் தடம், வளைவுகளின் உட்புறத்தை ஒட்டி ஓடக்கூடிய மிகக் குறுகிய பாதையில் அளக்கப்படுகிறது. மூவர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு ஓடினால் வெளிப்புறத்தில் இருப்பவர், ஒவ்வொரு செங்கோணத் திருப்பத்திலும் ஒரு மீட்டர் விலகலுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடுகிறார். கூட்டத்தில் விலகி விலகி ஓடுவதும் சேர்ந்து, முடிவில் ஜிபிஎஸ் கடிகாரம் 42.5 கிலோமீட்டர் காட்டுவது மிக இயல்பு. கடிகாரத்தில் 5 நிமிடம் 41 நொடியைத் தவறாமல் கடைப்பிடித்து 42.5 கிலோமீட்டர் ஓடினால் 4 மணி 1 நிமிடம் 32 நொடி ஆகிவிடும். ஆகவே இலக்கு 4 மணி நேரம் என்றால் கடிகாரத்தில் 5 நிமிடம் 38 நொடி தெரிய வேண்டும். சாலையோரக் கிலோமீட்டர் பலகைகளை வைத்து நேரத்தைச் சரிபார்ப்பது இன்னும் நல்லது. நீங்கள் மூவரும் வெவ்வேறு தொகுதிகளில் புறப்பட்டால், துப்பாக்கி வெடித்த நேரத்தை அல்லாமல் அவரவர் அணிந்திருக்கும் நேரப் பதிவு சிப் காட்டும் நேரத்தையே கணக்கில் கொள்ளுங்கள்.

இரண்டாவது மராத்தானுக்கு ஒரு மாதம் முன்பு, நீண்ட ஓட்டம் ஒன்று முடிந்து அமர்ந்திருந்தபோது நான்தான் பேச்சைத் தொடங்கினேன். "எனக்கு நாலு மணிக்குள் வர வேண்டும். அதற்காக உங்களை விட்டுப் போக வேண்டி வந்தாலும் போவேன்" என்று சொல்ல எனக்கு எளிதில் நா எழவில்லை. சொல்லி முடித்ததும் வேகமானவர் முகத்தில் தெரிந்தது வருத்தம் அன்று, நிம்மதி. அவருக்கும் 3 மணி 40 நிமிடம் என்ற ஆசை ஓராண்டாக இருந்திருக்கிறது. எங்களுக்காக அதை மறைத்து வைத்திருந்தார். அவர் தொடக்கத்திலிருந்தே தனியாக ஓடுவது என்று முடிவாயிற்று. மூன்றாமவர் அதற்குள் அரை மராத்தானை 1 மணி 56 நிமிடத்துக்குக் கொண்டுவந்திருந்ததால், நானும் அவரும் 30-ஆவது கிலோமீட்டர் வரை சேர்ந்து ஓடுவது, அதன் பிறகு யாரும் யாருக்காகவும் வேகத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை என்று பேசிக்கொண்டோம். இருவருடைய எதிர்பார்ப்புக்கும் இடையே பத்து நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்திருந்தால் அந்த 30 கிலோமீட்டரைக்கூட நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

சிறியவை எனத் தோன்றும் செய்திகளையும் பேசிவைத்தோம். நீர் நிலையத்தில் யார் நின்றாலும் மற்றவர் நிற்காமல் செல்ல வேண்டும். கழிப்பறைக்காகவோ காலணிக் கயிற்றுக்காகவோ பின்தங்கியவர், இழந்த 40 நொடியை ஒரே கிலோமீட்டரில் பிடிக்காமல், கிலோமீட்டருக்கு 5 நொடி வீதம் எட்டுக் கிலோமீட்டரில் மெல்லப் பிடிக்க வேண்டும். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விலக்கு வைத்தோம்: மார்பு வலி, தலைசுற்றல், தடுமாற்றமான பேச்சு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மற்றவர் நின்று, மருத்துவக் குழுவினரிடம் ஒப்படைக்கும் வரை உடன் இருக்க வேண்டும். கெண்டைக்கால் பிடிப்பு அந்த வகையில் சேராது. அங்கே அனுதாபப்பட்டு நிற்பது இருவர் ஓட்டத்தையும் கெடுக்கும்.

பயிற்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீண்ட ஓட்டங்களை மூவரும் சேர்ந்தே ஓடுங்கள். அவற்றின் வேகம் பந்தய வேகத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டியதால், மெதுவானவரின் துணை அங்கே எல்லோருக்கும் நன்மையே. பந்தய வேகப் பயிற்சியையும் விரைவு ஓட்டங்களையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாவது பந்தயத்தில் 30-ஆவது கிலோமீட்டர்ப் பலகையை 2 மணி 49 நிமிடம் 40 நொடியில் இருவரும் சேர்ந்தே கடந்தோம். அதுவரை நாங்கள் பேசியவை பத்து வாக்கியங்கள் இருந்தால் அதிகம். அடுத்த கிலோமீட்டரில் அவருடைய மூச்சின் ஒலி மாறியது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவரே "நீ போ" என்றார். முன்பே பேசியிருக்காவிட்டால் அந்தச் சொல்லை அவரால் சொல்லியிருக்க முடியாது, சொன்னாலும் என்னால் ஏற்றுக்கொண்டிருக்க முடியாது. அதன் பிறகான 11 கிலோமீட்டர் கடினமாகத்தான் இருந்தது. 38-ஆவது கிலோமீட்டரில் ஒரு கணம் அவருக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி நடந்துவிடலாமே என்றுகூட மனம் ஒரு வழியைத் தேடியது. 3 மணி 58 நிமிடம் 20 நொடியில் கோட்டைக் கடந்தேன்.

போர்த்திக்கொள்ளத் தந்த விரிப்போடு தடுப்புக் கம்பி ஓரமாகவே நின்றேன். எங்களுள் வேகமானவர் ஏற்கெனவே முடித்துவிட்டு அங்கே வந்திருந்தார். 4 மணி 6 நிமிடத்தில் மூன்றாமவர் வந்தார். அவருடைய சொந்த நேரத்தில் அது அதுவரை இல்லாத சிறப்பு. கோட்டைக் கடந்ததும் அவர் தம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்தபடியே, "மூணா, நாலா?" என்று கேட்டார். பேச முடியாமல் மூன்று விரல்களைக் காட்டினேன்.