வெள்ளாடு என்ன பாவம் செய்தது? விசுவாசம், நற்கிரியை, நியாயத்தீர்ப்பு: கேள்வி பதில்

கேள்விகளை அனுப்பச் சொன்னதற்கு நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் போதகர் இல்லை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்டு) குடும்பத்தில் பிறந்து, கத்தோலிக்க வீட்டில் பெண் எடுத்து, முப்பது வருஷத்துக்கு மேல் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் நான் ‘விசுவாசம், கிருபை, கிரியை’ என்பேன். என் மனைவி ‘நம்பிக்கை, அருள், செயல்’ என்பார். சாப்பாட்டு மேசையில் பாதிச் சண்டை வார்த்தைச் சண்டைதான் என்று புரியவே எனக்குப் பத்து வருஷம் ஆனது.

ஐயா, எங்கள் பாஸ்டர் ‘விசுவாசம் மட்டும் போதும்’ என்கிறார். யாக்கோபு நிருபத்தில் ‘விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்’ என்று இருக்கிறது. இரண்டில் எது சரி?

உங்கள் பாஸ்டர் பவுல் பக்கம் நிற்கிறார். பவுல், யாக்கோபு இரண்டு பேரும் யாரிடம் பேசுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். ரோமர், கலாத்தியர் நிருபங்களில், அதாவது கடிதங்களில், பவுலுக்கு முன்னால் நிற்பவர், ‘விருத்தசேதனம் (யூதரின் நுனித்தோல் நீக்கும் சடங்கு) செய்துகொள், நியாயப்பிரமாணத்தை (மோசேயின் சட்டத்தை) கைக்கொள், அப்போதுதான் நீ தேவனுடைய ஜனம்’ என்பவர். அவரிடம் பவுல், ‘நுழைவதற்கு அப்படி ஒரு கட்டணம் கிடையாது’ என்கிறார். யாக்கோபுக்கு முன்னால் நிற்பவர் வேறு ஆள். அவர் ஏற்கெனவே சபைக்குள் உட்கார்ந்திருக்கிறார். உடுக்கத் துணியில்லாமல், அன்றைய ஆகாரத்துக்கு வழியில்லாமல் வந்து நிற்பவரிடம், ‘சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று வாயால் மட்டும் வாழ்த்தி அனுப்புகிறார். இவரிடம் போய்ப் பவுல் சொன்னதையே சொன்னால் இன்னும் சௌகரியமாக உட்கார்ந்துகொள்வார்.

இதில் ஒரு ருசிகரமான விஷயம், இருவரும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள், அதுவும் ஒரே வசனத்தோடு: ஆதியாகமம் 15:6. ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. பவுல் அங்கேயே நின்று, ‘பார், விருத்தசேதனத்துக்கு முன்பே இது நடந்துவிட்டது’ என்கிறார். யாக்கோபு அங்கிருந்து 22ஆம் அதிகாரத்துக்கு, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்த இடத்துக்குப் போய், ‘அந்த விசுவாசம் என்ன ஆயிற்று என்று இங்கே பார்’ என்கிறார். வெறுமனே ‘தேவன் ஒருவர் உண்டு’ என்று ஒத்துக்கொள்வதுதான் விசுவாசம் என்றால் அது பிசாசுகளுக்கும் இருக்கிறது, அவை நடுங்கவும் செய்கின்றன என்று கிண்டலும் செய்கிறார். யாக்கோபை எனக்குப் பிடிப்பதற்கு இந்தக் கிண்டலும் ஒரு காரணம்.

உங்கள் பாஸ்டர் எபேசியர் 2:8, 9 வசனங்களைச் சொல்லியிருப்பார்: ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்’. அடுத்து வரும் பத்தாம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்: ‘நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு…’ ஒன்பதில் ‘கிரியைகளினால்’ அல்ல, பத்தில் ‘கிரியைகளைச் செய்கிறதற்கு’. பவுலுடைய பதில் முழுவதும் அந்த இரண்டு வேற்றுமை உருபுகளில் இருக்கிறது.

லூத்தர் பைபிளில் ‘மட்டும்’ என்ற வார்த்தையைச் சேர்த்தது உண்மையா, அண்ணே?

உண்மைதான். புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர், 1522இல் வெளியான தன் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ரோமர் 3:28இல் ‘விசுவாசத்தினால் மட்டும்’ என்று மொழிபெயர்த்தார். மூல கிரேக்கத்தில் ‘மட்டும்’ இல்லை. எதிர்ப்பு வந்தபோது, பவுலின் கருத்தை ஜெர்மன் மொழி வழக்குப்படி சொன்னால் அந்தச் சொல் தானாகவே வரும் என்று பதில் எழுதினார். ‘மட்டும்’ போட்டு ‘நீதிமானாக்கப்படுதல்’, அதாவது தேவனுக்கு முன் நீதிமானாக ஏற்கப்படுதல், பற்றிப் பேசும் ஒரே வேதவசனம் யாக்கோபு 2:24. அதுவோ ‘மட்டும் அல்ல’ என்கிறது! அதே ஆண்டு எழுதிய முன்னுரையில் யாக்கோபு நிருபத்தை ‘வைக்கோல் நிருபம்’ என்றும் சொல்லிவிட்டார். பின்னால் வந்த பதிப்புகளில் அந்த வரி இல்லை. நிருபத்தை அவர் தூக்கி எறியவும் இல்லை, கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளி வைத்ததோடு சரி.

லூத்தரைக் குறை சொல்லுமுன் நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ‘விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்’ என்று இருக்கும். லூத்தருக்கு ஒரு முழுச் சொல் தேவைப்பட்டது. நமக்கு ஒரு ஏகாரமே போதுமாக இருந்தது, யாரும் சண்டைக்கும் வரவில்லை.

கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் இதில் இன்னமும் சண்டைதானா?

பெரிதாக இல்லை. 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், அருள் இல்லாமல் வெறும் செயலால் மீட்பு பெறலாம் என்பதையும் தள்ளியது, நம்பிக்கை மட்டும் போதும், மனிதன் ஒத்துழைக்க வேண்டியதில்லை என்பதையும் தள்ளியது. முதல் பாதியை நம் ஆட்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. கத்தோலிக்கர் ‘கிரியையால் மோட்சம் வாங்குகிறவர்கள்’ என்றுதான் எனக்கும் சிறுவயதில் சொல்லித்தந்தார்கள்.

1999 அக்டோபர் 31ஆம் தேதி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியாலும் அல்ல, கிருபையினாலேயே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்தக் கிருபையே நம்மை நற்செயலுக்கு எழுப்புகிறது என்பது அதன் சாரம். 2006இல் மெத்தடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்த சபைகளும் சேர்ந்துகொண்டன. எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிட்டதாக அந்த அறிக்கையே சொல்லவில்லை. ஆனாலும் 16ஆம் நூற்றாண்டில் ஒருவர்மேல் ஒருவர் போட்ட சாபங்கள் இந்தப் புரிதலுக்குப் பொருந்தாது என்கிற அளவுக்கு வந்திருக்கிறார்கள்.

கிருபையால் இரட்சிப்பு என்றால் நியாயத்தீர்ப்பு எதற்கு? வெளிப்படுத்தல் 20இல் ‘புஸ்தகங்களைத்’ திறந்து கிரியைகளின்படி தீர்ப்பு என்று இருக்கிறதே?

இதுதான் வந்ததிலேயே நல்ல கேள்வி. வெளிப்படுத்தல் மட்டுமல்ல, கிருபையைப் பற்றி அவ்வளவு எழுதிய பவுலே 2 கொரிந்தியர் 5:10இல் நாம் எல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்பாக நிற்க வேண்டும், சரீரத்தில் செய்த நன்மைக்கும் தீமைக்கும் பலன் உண்டு என்கிறார். ரோமர் 2:6உம் அதையே சொல்கிறது. புதிய ஏற்பாட்டில் ‘விசுவாசத்தின்படி நியாயத்தீர்ப்பு’ என்று எங்கும் இல்லை, கிரியையின்படிதான்.

நகை அடகுக் கடையில் உரைகல்லைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல் பொன்னை உண்டாக்குவதில்லை. இருப்பது பொன்னா பித்தளையா என்று அதன்மேல் விழுகிற கோடு காட்டிவிடும். கிரியையை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வெளிப்படுத்தலிலும் கிரியைகள் எழுதிய புஸ்தகங்களோடு ‘ஜீவபுஸ்தகம் என்னும் வேறொரு புஸ்தகமும்’ திறக்கப்படுகிறது. ஒன்று கணக்கு, மற்றது பெயர்ப் பட்டியல்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்துக்கு வருவோம். நியாயத்தீர்ப்பு நாளில் ராஜா, மேய்ப்பன் செம்மறியாட்டையும் வெள்ளாட்டையும் பிரிப்பதுபோல, கஷ்டப்பட்டவர்களுக்கு உதவியவர்களை வலதுபக்கமும் உதவாதவர்களை இடதுபக்கமும் நிறுத்துகிற காட்சி அது. பசி, தாகம், அந்நியன், துணியில்லாதவன், வியாதி, சிறை என்ற ஆறு நிலைமைகளும் பிரசங்கங்களில் அடிக்கடி வரும். நான் கவனிக்கச் சொல்வது வேறு. வலதுபக்கம் நிற்பவர்களும் ‘ஆண்டவரே, எப்பொழுது?’ என்றுதான் கேட்கிறார்கள். இடதுபக்கம் நிற்பவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆச்சரியம்! செய்தவர்களுக்குச் செய்தது நினைவில் இல்லை, செய்யாதவர்களுக்குச் செய்யாமல் விட்டது தெரியவில்லை. ஞானஸ்நானச் சான்றிதழையோ சபைப் பதிவேட்டையோ ராஜா கேட்கவில்லை. ‘மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு’ என்று மட்டும் சொல்கிறார்.

இப்போது ஏழாம் அதிகாரத்தைப் பக்கத்தில் வையுங்கள். அங்கே ஒரு கூட்டம் பட்டியலோடு வருகிறது: உமது நாமத்தினாலே தீர்க்கதரிசனம் சொன்னோம், பிசாசுகளைத் துரத்தினோம், அற்புதங்களைச் செய்தோம். அவர்களுக்குக் கிடைக்கிற பதில் ‘நான் உங்களை அறியவில்லை’. கணக்கு எழுதி வைத்திருந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள், எழுதி வைக்காதவர்கள் உள்ளே இருக்கிறார்கள். எத்தனை கிரியை செய்தால் போதும் என்று கணக்குப் பார்க்கும் புத்திக்கு இந்த இரண்டு காட்சியிலும் இடம் இல்லை. அதேபோல், ‘விசுவாசித்துவிட்டேன், இனி எனக்கு என்ன’ என்கிற புத்திக்கும் இல்லை.

‘இவர்கள் என் சகோதரர்’ என்றால் எல்லா ஏழைகளுமா, கிறிஸ்தவர்கள் மட்டுமா?

மத்தேயு ‘சகோதரர்’ என்ற சொல்லைச் சீஷர்களுக்கும் பயன்படுத்துவதால், ஊழியத்துக்குப் போன சீஷர்களை ஏற்றுக்கொண்டவர்களைத்தான் இது குறிக்கிறது என்கிற வியாக்கியானம் உண்டு, பலவீனமானதும் இல்லை. எனக்கு அது போதவில்லை. பசித்தவனிடம் முதலில் மதம் கேட்டுவிட்டுச் சோறு போட்டவன் வலதுபக்கம் நிற்பான் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பிரதர், கடைசி நிமிஷம் மனந்திரும்பினால் போதுமா? சிலுவையில் தொங்கிய கள்ளன் என்ன நற்கிரியை செய்தான்?

‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்ற வாக்கைப் பெற்றவனுக்கு ஞானஸ்நானம் இல்லை, தசமபாகம் இல்லை, திருவிருந்து இல்லை. அதனால்தான் கிருபைக்கு அவனைக் காட்டுகிறார்கள், சரிதான். ஆனால் லூக்கா 23ஐ நிதானமாக வாசியுங்கள். கை கால் அசைக்க முடியாத நிலையில், வாய் ஒன்றே மிச்சம் இருக்கும்போது, மற்றவனைக் கண்டிக்கிறான், தன் தண்டனை நியாயம் என்று ஒத்துக்கொள்கிறான், பக்கத்தில் தொங்குகிறவர் தகாததொன்றையும் செய்யவில்லை என்று எல்லார் முன்பும் சாட்சி சொல்கிறான். மிச்சம் இருந்த ஒன்றையும் அதற்கே கொடுத்துவிட்டான். கடைசி நிமிஷத்துக்கு என்று திட்டம் போட்டு வைத்திருப்பவர் அவனோடு தன்னை ஒப்பிடக் கூடாது. அவன் திட்டம் போட்டு அங்கே வரவில்லை.

நான் இந்து. கர்மவினைக்கும் நீங்கள் சொல்லும் நியாயத்தீர்ப்புக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் செய்ததற்குப் பலன்தானே?

நல்லது, கேட்டதற்கு நன்றி. செயலுக்கு விளைவு உண்டு, தப்ப முடியாது என்பதில் இரண்டும் ஒன்றுதான். கர்மம் பல பிறவிகளில் கழிகிறது. கிறிஸ்தவத்துக்கு ஒரே பிறவி, ‘ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்’ என்கிறது எபிரெயர் 9:27. ‘கர்மம் இயந்திரம் மாதிரி, கிறிஸ்தவத்தில்தான் அருள் உண்டு’ என்று எங்கள் பக்கம் சிலர் பிரசங்கிப்பது சரியில்லை. சைவ சித்தாந்தத்தில் வினை தானாகப் போய் உயிரைச் சேராது, சேர்ப்பவன் சிவன், அதுவும் அருளால்தான். வேறுபாடு எங்கே என்று என்னைக் கேட்டால், நியாயாசனத்தில் உட்கார்ந்திருப்பவரே முன்பு குற்றவாளிக்காகத் தண்டனையை ஏற்றுக்கொண்டவர் என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறோமே, அங்கே.

என் அப்பா கிறிஸ்தவர் இல்லை. நான் பார்த்ததிலேயே நல்ல மனிதர். அவர் இறந்த வீட்டுக்கே வந்து ஒருவர் ‘அவர் நரகத்தில்தான்’ என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியா ஐயா?

முதலில், அப்படிச் சொன்னவருக்கு அதைச் சொல்ல அதிகாரம் கிடையாது. அந்த ஆசனத்தில் உட்கார ஒருவருக்குத்தான் இடம்.

சபைகளின் பதில் ஒன்றுபோல இல்லை. அப்போஸ்தலர் 4:12ஐ வைத்து, கிறிஸ்துவை வெளிப்படையாக அறிக்கையிடாதவருக்கு மீட்பு இல்லை என்பவர்கள் உண்டு. தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாமல், மனச்சாட்சியின்படி கடவுளைத் தேடி நடந்தவர்களும் மீட்படைய முடியும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எழுதியது. அப்படி மீட்படைந்தாலும் அது கிறிஸ்துவாலேயே என்பதையும் அது விடவில்லை. நியாயப்பிரமாணம் இல்லாதவர்களின் இருதயங்களில் அதன் கிரியை எழுதியிருக்கிறது என்கிறார் பவுல், ரோமர் 2இல். நான் பிடித்துக்கொள்வது அழிய இருந்த சோதோம் நகருக்காக ஆபிரகாம் தேவனிடம் வாதாடும்போது கேட்டதை: ‘சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ’. உங்கள் அப்பாவை அவர் கையில் விட்டுவிடுங்கள். உங்களைவிட அவருக்கு உங்கள் அப்பாவைத் தெரியும்.

ஆலயத்துக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தால் பெயர் எழுதலாமா?

காற்று எல்லாருக்கும் வரும். பெயர் எழுதினால் மத்தேயு 6:2 உங்களுக்குப் பொருந்தும், ‘பலனை அடைந்து தீர்ந்தது’ என்று. டியூப்லைட்டில் வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு ‘உபயம்’ எழுதியதை நான் பார்த்திருக்கிறேன்.

உத்தரிக்கிற ஸ்தலம் வேதத்தில் இருக்கிறதா?

மோட்சத்துக்குப் போகுமுன் ஆத்துமாக்கள் சுத்திகரிக்கப்படும் நிலை என்று கத்தோலிக்கர் சொல்வதுதான் அது. அந்தப் பெயரில் இல்லை. கத்தோலிக்கர் காட்டுகிற இடங்களில் ஒன்று 1 கொரிந்தியர் 3: அஸ்திபாரம் கிறிஸ்து, மேலே பொன்னால் கட்டுகிறவனும் உண்டு, வைக்கோலால் கட்டுகிறவனும் உண்டு, அக்கினி சோதிக்கும், கட்டினது வெந்துபோனாலும் அவன் ‘அக்கினியிலகப்பட்டுத் தப்பினதுபோல’ இரட்சிக்கப்படுவான். இது ஒரு நாளின் சோதனை, ஒரு நிலை அல்ல என்பது புராட்டஸ்டண்டு வாசிப்பு. நான் இரண்டாவது கட்சி. இருந்தாலும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் மாமனார் கல்லறைக்கு மெழுகுவத்தியோடு போவேன்.

ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் கேட்டான்: ‘எங்க வீட்டுல வெள்ளாடுதான் வளக்குறோம். அது என்ன பாவம் செஞ்சுது, ஏன் இடதுபக்கம் போகணும்?’ என்ன சொல்வது?

அந்தப் பையனுக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுங்கள். அந்த ஊரிலும் செம்மறியும் வெள்ளாடும் சேர்ந்தேதான் மேயும், மேய்ப்பன்தான் பிரிப்பான். உவமைக்கு வேண்டியது அந்தப் பிரிக்கிற வேலை மட்டும், வெள்ளாட்டின்மேல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. யாத்திராகமம் 12:5ஐ அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். யூதரின் பஸ்கா பண்டிகைப் பலிக்குச் செம்மறிக்குட்டிதான் வேண்டும் என்று இல்லை, வெள்ளாட்டுக்குட்டியும் ஆகும்.