மீட்டியோர் 350: பின்னால் ஆள் ஏறினால் இடிக்கிறது

ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 பைக்கில் மனைவியை ஏற்றிக்கொண்டு போகும்போது ஸ்பீடு பிரேக்கரில் பின்பக்கம் 'டங்'கென்று இடிக்கிறது, வளைவில் ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) தரையில் உரசுகிறது என்று கேட்டிருந்தீர்கள். புது ஷாக் அப்சார்பர் வாங்குவதற்கு முன்னால் ப்ரீலோடைப் பாருங்கள் நண்பரே, அதாவது ஷாக் ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைத்திருக்கிறது என்பதை. பின் ஷாக் இரண்டிலும் 6 படி உண்டு, சி-ஸ்பேனரை (கொக்கி மாதிரி வளைந்த ஸ்பேனர்) ஷாக்கில் உள்ள வளையத்தின் பள்ளத்தில் மாட்டி இரண்டையும் ஒரே படிக்கு ஏற்றுங்கள். இதனால் ஸ்பிரிங் கெட்டியாகாது, ஆனால் ஆள் ஏறியதும் வண்டி முன்பு மாதிரி அமுங்காது, அந்த மிச்ச இறக்கம் ரோட்டுப் பள்ளத்துக்குக் கிடைக்கும், உரசலும் குறையும். சீட் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதால் மீட்டியோர் மாதிரி க்ரூஸர் பைக்கில் பின் ஷாக் இறங்க இடமே குறைவு, அப்புறம் கால் முன்னால் நீட்டியிருப்பதால் பள்ளத்தில் சட்டென்று எழுந்து நிற்கவும் வராது, அடி நேராக முதுகுக்குத்தான். தனியாக ஓட்டும்போது மறக்காமல் பழைய படிக்கே இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் பின்பக்கம் குதிக்கும்.