பழைய எம்ஜிபிக்கு மலிவான எஞ்சின் தேடுகிறீர்களா? முதலில் பெட்ரோல் டேங்கைப் பாருங்கள்

1978 மாடல் எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வைத்திருப்பதாகவும், அதன் எஞ்சின் தேய்ந்துவிட்டதாகவும், 3,000 டாலருக்குள் வலுவான வேறொரு எஞ்சினையும், கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனையும் பொருத்துவதற்கு எது மலிவான வழி என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒஹாயோவில் என் வீட்டுக் கராஜில் இதே கேள்வியோடு இரண்டரை ஆண்டுகள் போராடியவன் என்பதால், இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

எஞ்சினைப் பற்றி மட்டும் கேட்டால் பதில் எளிது. 1993 முதல் 1995 வரை வந்த கமாரோ, ஃபயர்பேர்டு கார்களில் இருந்த 3.4 லிட்டர் வி6 எஞ்சினையே நான் சொல்வேன். 160 குதிரைத்திறன் தரும். எடையில் எம்ஜிபியின் பழைய இரும்பு எஞ்சினோடு ஏறத்தாழ ஒத்துப்போவதால் முன்பக்கம் பாரமாகாது. பிறவியிலேயே ஃபியூவல் இன்ஜெக்‌ஷனோடு வந்தது. அமெரிக்காவுக்காகச் செய்த பிற்கால எம்ஜிபிகளில் ஒரேயொரு ஜெனித்-ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டரை வைத்து, புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் சேர்த்து, 1798 சிசி எஞ்சினை 62.5 குதிரைத்திறனுக்கு இறக்கிவிட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால், இந்த வி6 உங்கள் காரை எப்படி மாற்றும் என்று நானே சொல்லத் தேவையில்லை. ஆனால் எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். எஞ்சின், அதனோடு வரும் டி5 கியர்பாக்ஸ், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு, ஒரு வயர்கூட வெட்டப்படாத வயரிங், எல்லா சென்சார்களும் ஒரே காரிலிருந்து, முடிந்தால் அந்தக் கார் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, மொத்தமாக வாங்குங்கள். 3,000 டாலர் போதுமா என்றால், என் அனுபவத்தில் போதவில்லை. எனக்கு மொத்தம் 4,600 டாலர் ஆயிற்று. அதில் எஞ்சினுக்குக் கொடுத்தது வெறும் 350 டாலர்.

அந்த 350 டாலரைத்தான் நான் முதலில் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். காயலான் கடையில் ஒரு 1994 கமாரோ அடிபட்டுக் கிடந்தது. எஞ்சின் நன்றாக இருந்தது. ஆனால் எனக்கு முன்னால் அந்தக் காரிலிருந்து எதையோ கழற்றியவர்கள் இசியுவிலிருந்து நான்கு அங்குலம் விட்டு வயர்க்கற்றையை மொத்தமாக வெட்டியிருந்தார்கள். வயரிங்கைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து, இணையத்தில் விற்கும் ஒருவரிடம் 'புதுப்பித்து, சோதித்து அனுப்பும்' வயரிங்கை வாங்கினேன். வண்டி கிளம்பியது, ஆனால் சூடானதும் பெட்ரோல் நாற்றம் தாங்க முடியவில்லை, ஸ்பார்க் பிளக்குகள் கரியாகிவிட்டன. நான்கு மாதங்கள் இன்ஜெக்டர்களையும் பிரஷர் ரெகுலேட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் மடிக்கணினியை இணைத்தபோது, ரேடியேட்டர் கொதிநிலையை நெருங்கிக்கொண்டிருக்க, எஞ்சின் நீரின் வெப்பம் 24 டிகிரி என்று திரையில் காட்டியது. நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் வயரையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் வயரையும் அவர் இடம் மாற்றி இணைத்திருக்கிறார். எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நம்பிய இசியு, அதற்கேற்பப் பெட்ரோலை அள்ளிக் கொட்டியிருக்கிறது. விற்றவருக்கு மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. சோதித்தோம் என்று எழுதி விற்பவர் அதை ஒரு முறையாவது ஓர் எஞ்சினில் மாட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமா? அந்த நான்கு மாத வார இறுதிகளை யார் திருப்பித் தருவார்கள் என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

ஆயினும் என்னை உண்மையில் பயமுறுத்தியது வயரிங் இல்லை. எல்லாம் சரியாகி, முதல் கோடையில் மகளை அருகில் உட்கார வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையிலிருந்து இறங்கினேன். இந்த ஊரில் வட்டமாகச் சுற்றி இறங்கும் சாய்தளங்கள் வலப்பக்கமாகவே நீண்டு வளையும். பாதி வளைவில் எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் ஒரு லாரி. "அப்பா, பெட்ரோல் தீர்ந்துடுச்சா?" என்று கேட்டாள். முள் கால் டேங்கைக் காட்டியது. ஓரமாக உருட்டி நிறுத்திச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் உடனே கிளம்பியது. இதே இடத்தில் இன்னும் இரண்டு முறை நடந்த பிறகுதான், இது தற்செயல் இல்லை என்று புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத வாகன நிறுத்துமிடத்தில், பெட்ரோல் பிரஷர் கேஜ் ஒன்றை நீண்ட ஹோஸோடு இணைத்து, முன்கண்ணாடியில் வைப்பரோடு சேர்த்து ஒட்டுநாடாவால் கட்டிவிட்டு, கால் டேங்க் பெட்ரோலோடு வலப்பக்கமாகவே வட்டமடித்தேன். முதல் வட்டத்தில் முள் 43 பிஎஸ்ஐயில் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அசையாமல் நின்றது. மூன்றாவது வட்டத்தில் நடுங்க ஆரம்பித்தது. நான்காவதில், பின்னாலிருந்த பம்பின் சீரான ரீங்காரம் திடீரென்று உயர்ந்து கீச்சிட, முள் பத்துக்குக் கீழே விழுந்தது, எஞ்சின் நின்றது. இடப்பக்கம் வட்டமடித்தபோது எத்தனை சுற்றினாலும் ஒன்றும் ஆகவில்லை.

காரணம் இதுதான். எம்ஜிபியின் டேங்க் டிக்கிக்குக் கீழே தொங்கும் அகலமான, தட்டையான டப்பா. என் காரில் பெட்ரோலை உறிஞ்சும் குழாய் அதன் வலப்பக்கம் இருக்கிறது; வலப்பக்கம் திரும்பும்போது பெட்ரோல் முழுவதும் இடப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. நாற்பது ஆண்டுகளாக இதே டேங்கோடு ஓடிய கார் இப்போது ஏன் நிற்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் சில விநாடிகளுக்குத் தேவையான பெட்ரோல் எப்போதும் இருக்கும்; பம்ப் ஒரு வாய் காற்றை உறிஞ்சினாலும் அந்தக் கையிருப்பு காப்பாற்றிவிடும். இன்ஜெக்‌ஷனில் அந்தக் கிண்ணம் கிடையாது. பழைய பம்ப் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கொடுத்தால் போதும். இங்கே 40 பிஎஸ்ஐக்கு மேல் இடைவிடாமல் வேண்டும், காற்று நுழைந்த கணமே அந்த அழுத்தம் போய்விடும். டேங்கின் பலவீனம் எப்போதும் இருந்ததுதான்; கார்புரேட்டர் அதை மறைத்து வைத்திருந்தது.

நான் செய்த தீர்வைச் சொல்கிறேன். சர்ஜ் டேங்க் எனப்படும் ஒரு லிட்டர் அளவுள்ள சிறு கலத்தை வைத்தேன். டேங்கிலிருந்து ஒரு குறைந்த அழுத்தப் பம்ப் அதை எப்போதும் நிரப்பிக்கொண்டே இருக்கும். அதன் அடியிலிருந்து உயர் அழுத்தப் பம்ப் எஞ்சினுக்குத் தள்ளும். எஞ்சினில் மிஞ்சித் திரும்பும் பெட்ரோல் முதலில் இந்தக் கலத்துக்கும், அங்கே வழிவது டேங்குக்கும் போகும். திரும்பும் குழாய்க்கான இணைப்பைப் பழைய டேங்கில் பற்றவைக்கவே முயலாதீர்கள். பெட்ரோல் இருந்த டேங்க் கழுவிய பிறகும் வெடிக்கக்கூடும். நான் புது டேங்க் வாங்கி, அதில் ஒரு சொட்டுப் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துக்கொண்டேன். ஹோஸ்கள் உயர் அழுத்த இன்ஜெக்‌ஷனுக்கென்றே செய்தவையாக இருக்க வேண்டும். கார்புரேட்டர் காலத்து ரப்பர் இந்த அழுத்தத்துக்கும் ஏற்றதில்லை, இங்கே விற்கும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் ஏற்றதில்லை. பம்புகளின் மின்சாரம் இசியு கட்டுப்படுத்தும் ரிலே வழியாகவே போகட்டும். சாவியிலிருந்து நேராக இணைத்தால், விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் 40 பிஎஸ்ஐயில் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். மகள் அருகில் உட்காரும் காரில் அந்த அபாயத்தை என்னால் ஏற்க முடியாது. நீங்களும் ஏற்கக் கூடாது.

இத்தனை செலவு வேண்டாம், கார்புரேட்டர் இடத்திலேயே பொருத்தும், பெட்ரோல் அளவைத் தானே கற்றுக்கொள்ளும் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் கிட் போதுமே என்று சிலர் உங்களுக்குச் சொல்வார்கள். அவற்றின் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவற்றில் பலவும் 58 பிஎஸ்ஐ கேட்கின்றன என்பதால், டேங்க், பம்ப், ஹோஸ் செலவு அப்படியே இருக்கும். மெகாஸ்குவர்ட் போன்ற, நாமே கூட்டிச் சேர்க்கும் இசியுவும் நல்லதே. மின்னணுவியலில் கை பழகியவராக இருந்தால் காசு மிச்சம், இல்லையென்றால் கமாரோவின் அசல் இசியுவே நிம்மதி.

மின்சாரத்தில் இன்னும் ஒன்று. கமாரோ எஞ்சினோடு வரும் ஆல்டர்னேட்டர் எம்ஜிபியின் பழைய ஆல்டர்னேட்டரைவிட மிக அதிக மின்னோட்டம் தரும். லூகாஸ் வயரிங்கில் எப்போதும் மின்சாரம் இருக்கும் அந்தப் பழுப்பு வயர் இதைத் தாங்காது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தனியாகத் தடித்த கேபிள் இழுங்கள். எஞ்சின் பானட்டில் இடிக்காமல் இருக்க, அதன் மேலே காற்று நுழையும் பாகமான இன்டேக்கின் உச்சியில் களிமண் உருண்டைகளை வைத்து பானட்டை மெல்ல மூடித் திறந்து, எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளந்த பிறகே எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகளைப் பற்றவையுங்கள்.

இங்கிலாந்தின் ஆபிங்டனில் பிறந்த காருக்கு அமெரிக்க எஞ்சினா என்று கோபப்படுவோருக்கும் ஒரு வார்த்தை. எம்ஜிபியின் அசல் தன்மையைக் காப்பவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு; நல்ல நிலையிலுள்ள ஆரம்பகாலக் குரோம் பம்பர் காரை யாராவது வெட்டினால் நானும் வருந்துவேன். என் காரில் முந்தைய உரிமையாளர் குளிர்காலத்தில் வெறும் தண்ணீரை விட்டுவைத்ததால் அது உறைந்து எஞ்சின் பிளாக் பிளந்திருந்தது. காப்பாற்ற அங்கே ஒன்றும் இல்லை. மேலும், 1973 முதல் 1976 வரை தொழிற்சாலையே எம்ஜிபி ஜிடி வி8 என்று 2,591 கார்களை விற்றது. அவற்றில் இருந்த 3528 சிசி ரோவர் எஞ்சினின் மூலம் 1960களின் தொடக்கத்தில் வந்த ப்யூக்கின் அலுமினிய வி8 தான். அதற்காக மாற்றிய எஞ்சின் அறையே பின்னர் வந்த ரப்பர் பம்பர் கார்கள் எல்லாவற்றிலும் இருப்பதாலும், உங்கள் 1978 மாடலில் ரேடியேட்டர் முன்னால் நகர்த்தப்பட்டிருப்பதாலும், இந்த வி6 பொருந்துவது எளிதாகிறது. நான் என் காரின் உடலில் எங்கும் வெட்டவில்லை.

நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கலிபோர்னியா என்றால் எதையும் வாங்குவதற்கு முன் நிறுத்துங்கள். அங்கே 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்கு மட்டுமே புகைச் சோதனையிலிருந்து விலக்கு. உங்கள் கார் 1978. மாற்றும் எஞ்சின் காரின் ஆண்டோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும், அந்த எஞ்சினோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அத்தனையும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், அரசு நியமித்த நடுவர் மையத்தில் காட்டிச் சான்று பெற வேண்டும். காயலான் கடையில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் ஆக்சிஜன் சென்சாரையும் விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் தூக்கிவந்தால், அங்கே அந்தக் கார் சாலைக்கே வராது.

3,000 டாலருக்கு மேல் ஒரு டாலரும் முடியாது என்பது உறுதியானால், இப்போதைக்கு அசல் எஞ்சினையே பிரித்துச் சீர்செய்யுங்கள். உங்கள் மாநிலம் அனுமதித்தால் ஸ்ட்ராம்பெர்க்கை எடுத்துவிட்டு இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களைப் போடுங்கள். பணம் சேர்ந்த பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு முழுக் கமாரோவை வாங்கி, கழற்றும் ஒவ்வொரு இணைப்பையும் படமெடுத்து, ஒவ்வொரு வயருக்கும் துண்டுச்சீட்டு கட்டி ஆரம்பியுங்கள். அந்த நிலையில் ஏதாவது சிக்கினால் இங்கேயே எழுதுங்கள். என் காரின் வயரிங் வரைபடத்தை முழுவதுமாகத் தருகிறேன்.