கூலர் மோட்டார் நிஜமாகவே எரிந்துவிட்டதா?

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். ஏழு வருடப் பழைய இரும்பு கூலர். ஸ்விட்சைப் போட்டால் உறுமுகிறது, விசிறி சுற்றுவதில்லை. குச்சியால் தள்ளிவிட்டால் மெதுவாக ஓடுகிறது. மெக்கானிக், "மோட்டார் ஜல் கயா, நயா லகேகா" (மோட்டார் எரிந்துவிட்டது, புதிது போடவேண்டும்) என்கிறார். புது மோட்டார் வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். காயில் கருகிய மோட்டாரில் தீய்ந்த வாடை வரும், ஃபியூஸ் போகும். தள்ளினால் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சர் போயிருக்கும், இல்லையென்றால் தண்டைத் தாங்கும் உலோக வளையமான புஷ் தேய்ந்திருக்கும்.

குச்சி விளையாட்டை முதலில் நிறுத்துங்கள். ஈரத் தரை, இரும்புப் பெட்டி, உயிரோடு விளையாடுகிறீர்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். அப்புறம் விசிறியைக் கையால் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு நாலைந்து சுற்று போனால் கண்டன்சர்தான். மோட்டாரிலிருந்து இரண்டு ஒயரில் தொங்கும் சின்ன டப்பா அது. மேலே எழுதியிருக்கும் அதே எம்.எஃப்.டி. (மைக்ரோ ஃபாரட்) அளவிலேயே புதியது போடச் சொல்லுங்கள். பெரியது போட்டால் காற்று பிய்த்துக்கொண்டு வரும் என்பார்கள். மோட்டார் சூடாவதுதான் மிச்சம்.

கரகரவென்று நின்றாலோ, தண்டை மேலும் கீழும் அசைத்தால் ஆடினாலோ புஷ் தேய்ந்திருக்கிறது. அக்டோபரில் மூடி வைத்து ஏப்ரலில் எடுக்கிறோம். தில்லிப் புழுதியில் எண்ணெய் காய்ந்து பிசினாகிவிடுகிறது. இறுக்கம் மட்டும் என்றால் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு போதும். நம் வீடுகளில் உடனே தேங்காய் எண்ணெயைத் தேடுவார்கள். வேண்டாம், தில்லிக் குளிரில் அது உறைந்துவிடும். புஷ்ஷுக்குப் பதில் குண்டுகள் வைத்த பால் பேரிங் மோட்டார் என்றால் கதை வேறு. பேரிங்கின் இரு பக்கமும் மூடியிருந்தால் உள்ளே கிரீஸ் வைத்தே வந்தது. வெளியே ஊற்றும் எண்ணெய் புழுதியைத்தான் கூட்டும். சத்தம் போட்டால் பேரிங்கையே மாற்றுங்கள். பேரிங்கிலேயே நம்பர் பொறித்திருக்கும், அதைக் காட்டி வாங்குங்கள்.

இனி உங்கள் மெக்கானிக். "கடைக்கு எடுத்துப் போகிறேன்" என்பார். மோட்டார் உடம்பில் நெயில் பாலிஷால் ஒரு குறி போட்டுவிட்டுக் கொடுங்கள். பெயின்ட் அடித்த வேறொரு கிழட்டு மோட்டார் திரும்பி வந்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரீவைண்டிங் (காயிலைப் புதுக் கம்பியால் சுற்றுவது) என்றால் செம்புக் கம்பி என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். மிச்சக் கம்பியில் ஒரு துண்டை வாங்கி பிளேடால் ஆழமாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் அலுமினியம். பழைய செம்பு யாருக்கு என்றும் முன்பே பேசுங்கள். அது காசு. பலர் அதைச் சொல்வதே இல்லை.

கம்பெனியைக் கூப்பிட்டால் புஷ் தனியாக இல்லை, முழு மோட்டார்தான் என்பார்கள். ரிப்பேர் உரிமைக்கென்று மத்திய அரசு 2022இல் இணையதளமே தொடங்கியது. ஆனால் ஒரு புஷ்ஷுக்கு இன்னும் சாந்தினி சௌக்கில் எலெக்ட்ரிக் சாமான் விற்கும் பகீரத் பேலஸ் சந்துகளில்தான் அலைகிறோம். பழைய புஷ்ஷைக் கையோடு கொண்டு போங்கள். வாயால் சொன்னால் தவறான அளவுதான் கிடைக்கும்.