மெல்பர்ன் பக்கம் குளிர் மழைக்காடு: கேட்டதும் சொன்னதும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள ஓட்வே மலைக்காட்டுக்கு நான் போய்வந்த படங்களைக் கோலாலம்பூர் நடைக்குழுவில் போட்டதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. பலருக்கும் உதவும் என்று சிலவற்றுக்கு இங்கே பதில்.

நம்ம நாட்டிலேயே மழைக்காடு இருக்கே அண்ணே, எட்டு மணி நேரம் பறந்து போய் இன்னொன்றைப் பார்க்கணுமா? (செந்தூல்)

மழைக் கணக்கில் நாம்தான் முன்னால். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஓட்வேயில் நன்றாக மழை பெய்கிற இடங்களிலேயே 2,000-ஐ ஒட்டித்தான். வித்தியாசம் குளிரில் இருக்கிறது. அந்தக் குளிரில் விழுந்த மரம் லேசில் மட்காது. அதன் மேல் பாசி ஏறி, பாசியில் விதை விழுந்து, அங்கேயே கன்று முளைக்கிறது. நம் காட்டைப் போல ஆயிரம் வகை மரங்களைத் தேடாதீர்கள். மிர்ட்டல் பீச் என்கிற மரமும் ஆளுயரத்தைத் தாண்டிய மரப்பெரணியும்தான் திரும்பிய பக்கமெல்லாம். இந்த பீச் மரத்தின் சொந்தக்காரர்கள் நியூசிலாந்திலும் சிலியிலும் இருக்கிறார்கள். எல்லாம் தென் கண்டங்கள் கோண்ட்வானா என்ற ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்துக் குடும்பம். எனக்கு இது ஒன்றுக்கே டிக்கெட் காசு தகும்.

கேமரன் மலை மோசி பாரஸ்ட்டும் இதேதானே?

இல்லை. பாசியும் மூடுபனியும் ஒன்றுபோல் தெரியும், அவ்வளவுதான். அது வெப்பமண்டல மலைக்காடு, அங்கே கோடை, குளிர்காலம் என்று கிடையாது.

டிசம்பர் ஸ்கூல் லீவில் போகலாமா?

நான் வேண்டாம் என்பேன். அங்கே அது கோடை. கடலோரச் சாலையில் கூட்டம் நெரியும், காட்டுத்தீ அபாயம் உச்சத்துக்குப் போகும் நாளில் பூங்காவையே மூடிவிடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பருக்குள் போங்கள். நனைவீர்கள், ஆனால் நனைந்தால்தான் அந்தக் காட்டுக்கு நிறம்.

அம்மாவுக்கு முட்டி வலி. நடக்க முடியுமா? (பட்டர்வொர்த்)

அப்போலோ பே என்ற கடலோர ஊரிலிருந்து காரில் கால் மணி நேரத்தில் மெயிட்ஸ் ரெஸ்ட் என்ற காட்டு நடையிடம் வரும். சுற்றுப்பாதை 800 மீட்டர்தான், பல இடங்களில் பலகை போட்டிருக்கிறார்கள். ஈரப் பலகை வழுக்கும், அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெதுவாக நடந்தால் ஒரு லாபம் உண்டு: பளபளவென்று ஒரு கறுப்பு நத்தை கண்ணில் படலாம். ஓட்வேயில் மட்டுமே இருக்கும் இனம். இலை தின்னாது, மற்ற நத்தைகளையும் புழுக்களையும் தின்னும்!

இருட்டில் மினுங்குமாமே, கோலா சிலாங்கூர் மின்மினி மாதிரியா அக்கா சொன்னது?

அக்கா சொன்னது ஓட்வேயின் மெல்பா கல்லி என்ற பள்ளத்தாக்கில் மினுங்கும் புழுவாக இருக்கும். அது மின்மினி இல்லை, கொசு மாதிரி ஒரு பூச்சியின் புழு. மண்கரையில் பசை நூல்களைத் தொங்கவிட்டு, வெளிச்சம் காட்டிச் சின்னப் பூச்சிகளை வரவழைத்துப் பிடிக்கும். டார்ச்சை அதன் மேல் அடித்தால் அணைந்துவிடும்.

அட்டை?

உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவருக்குப் புதிதா என்ன!

முறுக்கு, ஊறுகாய் எடுத்துப் போகலாமா?

உணவு எதுவானாலும் விமான நிலையத்தில் அறிவித்துவிடுங்கள், மறைத்தால் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அப்புறம், பூட்ஸில் மண் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். தமான் நெகாராவில் போட்ட பூட்ஸ் என்றால் பழைய டூத் பிரஷ்ஷால் அடிப்பள்ளங்களைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து எடுத்துப் போங்கள்.